வாசகர் கேள்வி–பதில்: டச்சுக் கிராமத்து ஆலயத்தின் சுவர்களை எப்படிப் படிப்பது?

சென்ற இதழில் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த ஹேகெபெய்ந்தும் என்ற சிற்றூரின் ஆலயப் படத்தை, “12ஆம் நூற்றாண்டுக் கட்டடம்” என்னும் ஒற்றை வரிக் குறிப்புடன் வெளியிட்டிருந்தோம். அந்தப் படத்தையும் அந்தக் குறிப்பையும் ஒட்டிப் பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளே இம்மாதப் பகுதியை முழுவதுமாக நிறைத்துவிட்டன. ஒரே பொருளைத் தொடும் கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறோம்.

*நெதர்லாந்து தட்டையான நாடு என்றுதான் படித்திருக்கிறோம். படத்தில் உள்ள ஆலயமோ ஒரு குன்றின் உச்சியில் நிற்கிறது. அந்தக் குன்று எங்கிருந்து வந்தது? அது வெறும் மண்மேடு என்றால், அத்தனை கனமான சுவர்களை அது எப்படித் தாங்குகிறது?*
— ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், ஜெயநகர்

அது இயற்கையான குன்று அன்று. மனிதர் எழுப்பிய மேடு. வடகடலை ஒட்டிய ஃபிரீஸ்லாந்து, குரோனிங்கன் கரையோரங்களில் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மக்கள் குடியேறிவிட்டார்கள். கடலைத் தடுத்து நிறுத்தும் கரைகள் அப்போது இல்லை. புயற்காலத்தில் உவர்நிலம் முழுவதும் கடல்நீர் ஏறிவிடும் என்பதால், களிமண்ணையும் சாணத்தையும் வீட்டுக் கழிவுகளையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டித் தங்கள் குடியிருப்புகளின் தரையை உயர்த்திக்கொண்டே வந்தார்கள். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான் கடலைத் தடுக்கும் கரைகளை முறையாக எழுப்பும் வேலை தொடங்கியது. அதற்குள் கிறிஸ்தவமும் வந்து சேர்ந்திருந்தது. ஊரிலேயே உயரமான, வெள்ளம் எட்டாத இடத்தை ஆலயத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒதுக்கினார்கள். ஹேகெபெய்ந்தும் மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 8.8 மீட்டர் உயரம். அந்நாட்டு மேடுகளில் இதுவே மிக உயரமானது.

படத்தில் மேட்டின் ஓரங்கள் செங்குத்தாக வெட்டப்பட்டதுபோல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உண்மையிலேயே அவை வெட்டப்பட்டவைதான். நூற்றாண்டுக் கணக்கில் சாணமும் கழிவும் மக்கிச் சேர்ந்த அந்த மண் நல்ல உரம் என்று கண்டுகொண்டதும், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேடுகளைத் தோண்டிப் படகுகளில் ஏற்றி விற்றார்கள். முழு மேடுகளே மறைந்துபோன ஊர்கள் உண்டு. ஆலயமும் கல்லறைகளும் இருந்த பகுதியில் மட்டும் மண்வெட்டி நின்றது. ஆகவே இன்று நாம் காண்பது ஒரு பெரிய மேட்டின் எஞ்சிய துண்டு. ஆலயத்தைச் சுற்றியிருந்த ஊரின் பழைய தரை எங்கோ தொலைதூர வயல்களுக்குப் போய்விட்டது என்பதை நினைத்துப் பார்க்காமல் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

பளுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பல நூற்றாண்டுகளாக இறுகிய களிமண் ஓரளவு தாங்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தாங்காது. மணிக்கோபுரம் சபை அமரும் மண்டபத்தைவிடப் பன்மடங்கு கனமானது. எனவே அது தனியாகக் கீழிறங்கும்போது, இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளந்துவிடும். குரோனிங்கன் மாகாணத்தில் சில ஊர்களில் கோபுரத்தை ஆலயத்தோடு ஒட்டாமல் தனியே கட்டியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். கார்மர்வோல்டெ என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டுக் கோபுரம் தனித்து நிற்கிறது. அங்கு மண்டபத்தின் மேற்குப் பகுதியை 1859இல் இடித்துவிட்டதால் கோபுரத்துக்கும் எஞ்சிய ஆலயத்துக்கும் இடையிலான வெளி இன்னும் அகன்றுவிட்டது. தெற்கே, ஹாலந்துப் பகுதியில் நிலம் இன்னும் மோசம். மக்கிய தாவரங்களால் ஆன, மிதித்தாலே அமிழும் மண். அங்கே கல்லாலோ செங்கல்லாலோ வளைகூரை அமைத்தால் சுவர்கள் அமிழ்ந்துவிடும் என்பதால், பெரிய ஆலயங்களிலும் மரப்பலகைகளாலேயே அரைவட்டக் கூரை அமைத்தார்கள். அழகுக்காகச் செய்ததென்று பலர் எண்ணும் அந்த மரக்கூரை, அடிப்படையில் மண்ணின் கட்டாயம்.

*மலையே இல்லாத ஊரில் கல் ஏது? படத்தில் சுவரின் ஒரு பகுதி சாம்பல் நிறமாகவும் மற்றொரு பகுதி சிவப்பாகவும் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு காலத்தவையா?*
— வாசகி, அல்சூர்

ஆம், வேறு வேறு காலத்தவை. தாங்கள் கவனித்தது மிகச் சரி. முதன்முதலில் அங்கே எழுந்தவை மர ஆலயங்கள். அவற்றுக்குப் பின் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வந்தது எரிமலைச் சாம்பல் இறுகி உருவான ஒருவகை மென்கல். ஜெர்மனியின் ஐஃபெல் எரிமலைப் பகுதியில் வெட்டப்பட்ட அந்தக் கல், ரைன் ஆற்றிலும் அதன் கிளையான ஐசெலிலும் படகுகளில் இறங்கி, வடக்கின் நீர்வழிகளைக் கடந்து ஃபிரீஸ்லாந்து வரை சென்றது. எடை குறைவு, செதுக்குவது எளிது. ஆனால் நுண்துளைகள் நிறைந்ததால் மழையும் உறைபனியும் அதை விரைவில் அரித்துவிடும். தாங்கள் கண்ட சாம்பல் நிறம் இந்தக் கல்தான்.

சிவப்பு நிறம் செங்கல். ரோமானியர் காலத்துக்குப் பின் அப்பகுதியில் மறந்துபோயிருந்த செங்கல் சுடும் தொழில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மீண்டும் தலையெடுத்தது. அதைப் பரப்பியதில் துறவிமடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கொள்ளப்படுகிறது. தொலைதூரத்திலிருந்து கல் வாங்க வேண்டிய ஊர்களுக்குத் தம் காலடியில் கிடந்த களிமண்ணே போதும் என்றானபோது, கிராமந்தோறும் செங்கல் ஆலயங்கள் எழுந்தன. அக்காலச் செங்கல் இன்று நாம் பெங்களூரில் அடுக்கும் செங்கல்லைவிட மிகப் பெரியது. நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், கனம் 8 முதல் 10 சென்டிமீட்டர். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அளவு பொதுவாகச் சிறுத்துக்கொண்டே வந்ததால், ஆவணங்கள் இல்லாத இடத்தில் சுவரின் வயதைக் கணிக்க வல்லுநர்கள் முதலில் எடுப்பது அளவுநாடாவைத்தான். சுவர் முழுக்கச் செங்கல் என்றும் எண்ண வேண்டாம். உள்ளும் புறமும் இரண்டு செங்கல் தோல்களைக் கட்டி, நடுவில் உடைகற்களும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பினார்கள். ஒரு மீட்டர் கனமுள்ள சுவர் அப்படித்தான் சாத்தியமாயிற்று.

சாம்பல் கல் ஏன் திட்டுத்திட்டாக மட்டும் எஞ்சியிருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அந்த எரிமலைக்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புடன் கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். நம் பழைய கட்டடங்களில் சுர்க்கி என்னும் செங்கல் தூள் செய்த வேலையை அங்கே இது செய்தது. மதகுகளும் கால்வாய்க் கரைகளும் கட்டிக்கொண்டே இருந்த நாட்டில் அதற்கு ஓயாத தேவை. எனவே 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பல சபைகள் தங்கள் ஆலயச் சுவர்களின் கல்லைப் பெயர்த்து விற்றுவிட்டு, அவ்விடத்தில் மலிவான செங்கல்லை வைத்துக்கொண்டன. வெளிப்பார்வைக்குப் பழுதுபார்ப்புப் போலத் தோன்றும் பல செங்கல் பரப்புகள் உண்மையில் விற்பனையின் தடயங்களே.

*மகன் வேலை பார்க்கும் குரோனிங்கனுக்குச் சென்றிருந்தபோது பக்கத்துக் கிராம ஆலயம் ஒன்றைப் பார்த்தேன். சுவரில் இரும்பால் ஆன எண்கள் 17ஆம் நூற்றாண்டைக் காட்டின. கையேடோ 13ஆம் நூற்றாண்டு என்றது. எதை நம்புவது? வடக்குச் சுவரில் குனிந்து நுழைய வேண்டிய ஒரு சிறு வாசல் இருந்தது. வைக்கிங் கொள்ளையர் தங்கள் வடதிசையை வணங்கி வெளியேறச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதால் அப்படி என்று உடன் வந்தவர் கூறினார். உண்மையா?*
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

இரண்டையும் நம்பலாம், ஏனெனில் இரண்டும் வேறு வேறு செய்திகளைச் சொல்கின்றன. கூரை உத்தரத்தையோ வெளியே சாயத் தொடங்கிய சுவரையோ இழுத்துப் பிடிக்கச் சுவரை ஊடுருவி இரும்புக் கம்பி செலுத்தி, வெளிப்புறத்தில் அது நழுவாதிருக்க ஓர் இரும்புப் பட்டையைப் பொருத்துவார்கள். அந்தப் பட்டையை எண்களின் வடிவில் அடித்து, வேலை நடந்த ஆண்டைப் பதித்து வைப்பது அங்கே வழக்கம். ஆகவே தாங்கள் கண்டது பழுதுபார்த்த ஆண்டு அல்லது கோபுரத்தைத் திருப்பிக் கட்டிய ஆண்டு. சென்ற இதழில் நாங்கள் எழுதிய “12ஆம் நூற்றாண்டுக் கட்டடம்” என்ற குறிப்பும் இந்த வகையில் குறையுடையதே. ஒரு கிராம ஆலயத்துக்கு ஒரே வயது என்பது கிடையாது. “இது எப்போது கட்டப்பட்டது?” என்று கேட்பதைவிட “இந்தப் பகுதி எப்போது, எந்தத் தேவைக்காகக் கட்டப்பட்டது?” என்று ஒவ்வொரு சுவரிடமும் தனித்தனியே கேட்பதுதான் பயன் தரும்.

அதற்கு ஏற்ற இடம் ஜன்னல்கள். அடுத்த முறை செல்லும்போது முதலில் ஆலயத்தின் வடபுறம் செல்லுங்கள். சுவரின் உயரத்தில் மிகச் சிறிய, அரைவட்டத் தலை கொண்ட ஜன்னல்களோ, அவற்றை அடைத்த தடங்களோ தெரியும். அவை முதற்கட்டத்தைச் சேர்ந்தவை. வழிபாடு முழுவதும் பீடத்தருகே குருவானவர் நிகழ்த்துவதாக இருந்த காலத்தில் மக்கள் எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. குளிர்காற்று உள்ளே வராதிருந்தால் போதும். பிறகு தென்புறம் வாருங்கள். அங்கே பழைய சிறு ஜன்னல்களை வெட்டிக்கொண்டு உயரமான பெரிய ஜன்னல்கள் திறக்கப்பட்டிருக்கும். கூர்முனை வளைவுகள் கோதிக் பாணி பரவிய நூற்றாண்டுகளுக்கு உரியவை. 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்குப் பின், சங்கீதப் புத்தகமும் வேதாகமமும் கையிலேந்தி வாசிக்கும் சபைக்கு வெளிச்சம் தேவைப்பட்டபோது இன்னும் பெரியவை வந்தன. வெயில் விழும் தெற்கைத் திறந்து, வாடை வீசும் வடக்கை அப்படியே விட்டதால்தான் வடசுவர் பல ஊர்களில் பழமையைக் காத்து நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டின் குரோனிங்கன் கட்டுநர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அரைவட்ட வளைவும் கூர்முனை வளைவும் சந்தித்த அந்தக் காலத்தில், கல்லில் செதுக்க வழியில்லாத ஊர்களில், வெறும் செங்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்த அலங்காரம் வியப்புக்குரியது. முக்கோணச் சுவர்களில் ஆழமற்ற மாடங்கள், அவற்றுக்குள் மீன்முள் வரிசையில் அடுக்கிய செங்கற்கள், மூலைகளில் உருண்ட செங்கல் தூண்கள் என்று களிமண்ணாலேயே ஒரு மொழியை உருவாக்கினார்கள். உள்ளே மேலே பார்த்தால், பூசணிக்காயின் பக்கங்கள்போல் விலா எலும்பு போன்ற எட்டு வளைவுகளால் பகுக்கப்பட்ட செங்கல் குவிமாடங்கள். ஸ்டேடும், லொப்பெர்சும், சேரைப், கார்மர்வோல்டெ ஆகிய ஊர்கள் இந்தப் பாணியைக் காணச் சிறந்தவை.

வைக்கிங் கதை அழகான கதைதான். ஆனால் காலம் ஒத்துவரவில்லை. அவர்களின் தாக்குதல்கள் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஓய்ந்துவிட்டன. அந்தச் செங்கல் சுவர்களோ அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. வாசல் தாழ்ந்ததற்குக் காரணம் தரை உயர்ந்ததே. ஆலயத்தைச் சுற்றிலும் நூற்றாண்டுக் கணக்கில் அடக்கம் செய்யச் செய்ய வெளித்தரை மேலெழுந்தது. ஒரு காலத்தில் நிமிர்ந்து நுழைந்த வாசலின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் போய்விட்டது.

*உள்ளே படங்களும் சுரூபங்களும் இல்லாமல் எல்லாச் சுவரும் வெள்ளையாக இருப்பது ஏன்? அப்படி எளிமையை விரும்பியவர்கள் சுவரெங்கும் பிரபுக்களின் குலச்சின்னங்களை மட்டும் எப்படி அனுமதித்தார்கள்?*
— தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினர், பிரேசர் டவுன்

1566இல் நெதர்லாந்து முழுவதும் சுரூபங்களை உடைக்கும் கலகம் பரவியது. அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானிய மன்னருக்கு எதிரான போர் முன்னேற முன்னேற ஃபிரீஸ்லாந்து 1580இலும், குரோனிங்கன் 1594இலும் சீர்திருத்த சபையின் பக்கம் உறுதியாக வந்தன. கிராம ஆலயங்களில் பலிபீடங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்கள் மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஓவியங்களை யாரும் செதுக்கி அழித்துக்கொண்டிருக்கவில்லை, வெள்ளையடித்தார்கள் என்பதே. அந்தச் சுண்ணாம்பே முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றுக்குக் காப்புறை ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் பூச்சை மெல்லச் சுரண்டியபோது பல ஊர்களில் இடைக்கால ஓவியங்கள் மீண்டும் கண்ணில் பட்டன. கார்மர்வோல்டெயின் கூரையில் இன்று காணும் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்க ஓவியங்கள் அந்த வகை.

கட்டடம் அதேதான்; ஆனால் அதன் திசை மாறியது. கிழக்கே பீடத்தை நோக்கி நீண்டிருந்த மண்டபத்தில், பிரசங்கபீடம் நீள்சுவரின் நடுவே வைக்கப்பட்டது. இருக்கைகள் அதைச் சூழ்ந்தன. பலிபீடம் இருந்த கிழக்குப் பகுதியில், திருவிருந்து நாட்களில் மட்டும் நீண்ட மேசை போட்டுச் சபையார் அமர்ந்தார்கள். பத்துக் கட்டளைகள் எழுதிய பலகை படங்களின் இடத்தைப் பிடித்தது. பெண்கள் நடுவில் நாற்காலிகளிலும், ஆண்கள் சுற்றுப் பலகைகளிலும் அமர்வது பல ஊர்களின் வழக்கம். சூடேற்றும் ஏற்பாடு ஏதுமில்லாத அந்த மண்டபத்தில், பெண்களின் காலடியில் கனல் வைத்த சிறு மரப்பெட்டிகள் இருக்கும்.

தங்கள் இரண்டாவது கேள்வி கூர்மையானது. புனிதர்கள் வெளியேறிய இடத்தில் நிலவுடைமையாளர்கள் வந்து அமர்ந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. போதகரை நியமிக்கும் உரிமை பல ஊர்களில் உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்களிடம் இருந்தது. மேற்கவிகை போட்ட, செதுக்குவேலை நிறைந்த தனி இருக்கைகளை அவர்கள் எழுப்பிக்கொண்டார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய குலச்சின்னம் வரைந்த மரப்பலகையைச் சுவரில் மாட்டினார்கள். ஹேகெபெய்ந்தும் ஆலயத்தில் பக்கத்து ஹார்ஸ்டா மாளிகையினரின் அத்தகைய 16 பலகைகள் இன்றும் உள்ளன. ஸ்டேடும் ஆலயத்தில், ஸ்பெயினுடனான போரை முடித்த 1648இன் மியூன்ஸ்டர் சமாதானப் பேச்சில் பங்கேற்ற ஆத்ரியான் க்ளாந்துக்கு ரொம்பவுட் வெர்ஹுல்ஸ்ட் என்ற சிற்பி 1672இல் வடித்த பளிங்கு நினைவுச்சின்னத்தைக் கண்டவர்கள், இது அரசவை ஆலயமா, கிராமத்து ஆலயமா என்று திகைப்பார்கள். 1795இல் நெதர்லாந்தில் நடந்த புரட்சிக்குப் பின் பிரபுத்துவச் சின்னங்களை அகற்ற ஆணையிட்டபோது பல ஊர்களில் இவை செதுக்கி எறியப்பட்டன. ஆகவே இன்று நாம் போற்றும் “தூய டச்சு எளிமை” ஒரேநாளில் வந்ததன்று. ஒருமுறை புனிதர்களையும் ஒருமுறை பிரபுக்களையும் இழந்து இரண்டு தவணைகளில் வந்தது. ஆலயத்துக்குள் அடக்கம் செய்வது 1829 முதல் நிலையாகத் தடைசெய்யப்பட்டது; அதுவரை தரையே கல்லறைகளால் ஆனது.

அந்த வெண்மையைப் போற்றிய ஓவியர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பீட்டர் சான்ரெடாம் ஆசென்டெல்ஃப்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஆலயங்களுக்குள் சென்று அளந்து, கோடிட்டு, பின்னர் வண்ணம் தீட்டியவர். தன் ஊர் ஆலயத்தின் உட்புறத்தை அவர் 1649இல் தீட்டிய படம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், மரக்கூரை, பிரசங்கம் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் மக்கள், முன்னே அவருடைய தந்தையின் கல்லறைக் கல். அந்த ஆலயம் 1852இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஓர் ஓவியரின் அளவுக்கோல் இல்லாவிட்டால் அதன் உருவமே நமக்குத் தெரிந்திருக்காது.

*கோபுரத்தைப் பராமரிப்பது நகராட்சி என்று கேள்விப்பட்டேன். சமயக் கட்டடத்துக்கு அரசு ஏன் செலவிடுகிறது?*
— வாசகர், இந்திராநகர்

1798இன் அரசியலமைப்பு, ஆலயக் கோபுரங்களை ஊராட்சியின் உடைமையாக அறிவித்தது. தீ, வெள்ளம், படை வருகை ஆகியவற்றை அறிவிக்கும் மணியும் ஊருக்கெல்லாம் நேரம் சொல்லும் கடிகாரமும் பொதுச்சொத்து என்பதே அதன் நியாயம். அதனால் ஒரே கட்டடத்தில் மண்டபம் சபைக்கும், கோபுரம் நகராட்சிக்கும் உரிமையாக இருக்கும் நிலை இன்றும் பரவலாக நீடிக்கிறது. சபை பணமின்றி மண்டபத்தை இடித்தபோதும் கோபுரம் மட்டும் தப்பி நிற்கும் ஊர்களை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*நம் சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயம்போல் விண்ணைத் தொடும் கூர்கோபுரங்கள் அங்கே கிராமங்களில் இல்லையா? மேலும், சில நூறு பேர் வாழும் ஊரில்கூட இரண்டு மூன்று ஆலயங்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே?*
— வாசகி, சிவாஜிநகர்

இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல நம் பேராலயத்தின் சமகாலத்தவை. 1882இல் நிறைவுற்ற நம் பேராலயத்தைப் போலவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோதிக் பாணி உலகெங்கும் புத்துயிர் பெற்றபோது எழுந்தவை. டச்சுக் கத்தோலிக்கர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் களஞ்சியங்களிலும் வீடுகளிலும் மறைவாக வழிபட்டு வந்தவர்கள். 1853இல் அவர்களுடைய ஆயர் அமைப்பு மீண்டும் நிறுவப்பட்டதும், தெற்கு மாகாணங்களின் ஊர்களெங்கும் உயரமான செங்கல் ஆலயங்கள் எழுந்தன. ரைக்ஸ் அருங்காட்சியகத்தைக் கட்டிய பியெர் கய்பர்ஸ் அவற்றில் பலவற்றின் கட்டடக் கலைஞர். அவரே 1870களின் இறுதியில் ஸ்டேடும் ஆலயத்தையும் புதுப்பித்தார். அங்கே பழைமையை மீட்பதாகச் சொல்லித் தன் கற்பனையின் வண்ணங்களையும் சேர்த்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வண்ணங்களும் இன்று வரலாறாகிவிட்டதால், அவற்றை அகற்ற வேண்டாம் என்பாரோடுதான் நான் நிற்பேன்.

ஊருக்குப் பல ஆலயங்கள் வந்ததன் காரணம் சபைப் பிரிவுகள். 1834இல் குரோனிங்கன் மாகாணத்தின் உல்ரும் கிராமத்துப் போதகர் ஹென்ட்ரிக் தெ கொக் அரசு ஆதரவுபெற்ற சபையிலிருந்து பிரிந்தார். 1886இல் ஆபிரகாம் கைப்பர் தலைமையில் இன்னொரு பெரிய பிரிவு நிகழ்ந்தது. பிரிந்தவர்களுக்குப் பழைய ஆலயம் கிடைக்காததால், மேட்டின் அடியில் தமக்கெனக் கட்டிக்கொண்டார்கள். இவற்றுக்கிடையே இன்னொரு வகையும் உண்டு: 1824இல் முதலாம் வில்லெம் மன்னர், தம் அனுமதியின்றி ஆலயம் எதையும் கட்டவோ மாற்றவோ கூடாது என்று ஆணையிட, நீர்வளத்துறைப் பொறியாளர்களின் மேற்பார்வையில் பல ஆலயங்கள் எழுந்தன. அதே 1824இல் கட்டப்பட்ட நூனென் ஊரின் சிறிய சீர்திருத்த ஆலயத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே போதகராக இருந்தவர் வின்சென்ட் வான் கோவின் தந்தை. சபையார் வெளியே வருவதை வின்சென்ட் தீட்டிய படம் 2002இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, 2016இல் இத்தாலியில் மீட்கப்பட்டது. அதே ஊரில் இடிபட்டுக்கொண்டிருந்த பழைய இடைக்காலக் கோபுரத்தையும் அவர் 1885இல் தீட்டியிருக்கிறார்.

*என் சொந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே டச்சுக்காரர் கட்டிய ஆலயம் உண்டு. அவர்கள் தங்கள் கிராமத்து ஆலயத்தைத்தான் நம் கரைக்கும் கொண்டுவந்தார்களா?*
— வாசகர், மல்லேசுவரம்

முழுவதுமாக அன்று. கிராம ஆலயம் பழைய கத்தோலிக்கக் கட்டடத்தைப் புதிய வழிபாட்டுக்கு ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தியது. நம் கரைக்கு வந்ததோ, தொடக்கத்திலிருந்தே பிரசங்கம் கேட்பதற்கென்று சிந்தித்த கட்டடம். அதன் தொடக்கம் வில்லெம்ஸ்டாட் என்ற கோட்டை ஊரில், 1597க்கும் 1607க்கும் இடையில் எழுந்த எண்கோண ஆலயம். டச்சுப் படைத்தலைவரான இளவரசர் மவுரிட்ஸ் அதற்குப் பணம் தந்தபோது, கட்டடம் வட்டமாகவோ எண்கோணமாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். எல்லாரும் போதகரைச் சம தூரத்தில் கேட்க வேண்டும் என்பதே இவ்வகை அமைப்பின் நோக்கம். 1620களில் ஆம்ஸ்டர்டாமின் வடக்கு ஆலயம் நான்கு சம கைகளுள்ள சிலுவை வடிவில் எழுந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டி, கடந்த நூற்றாண்டின் போரில் அழிந்த ஆலயமும், 1757இல் அர்ப்பணிக்கப்பட்டு இன்றும் வழிபாடு நடக்கும் கொழும்பு வுல்ஃபெண்டால் ஆலயமும் இந்த மரபின் பிள்ளைகள். தூத்துக்குடியில் 1750இலும் தங்கள் ஊரில் 1774இலும் எழுந்தவை அவற்றைவிட எளியவை. கிராம ஆலயத்தின் தரைக்கு மிக நெருக்கமானதைக் காண விரும்பினால் பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள்; குலச்சின்னமும் சுற்றெழுத்தும் ஆழச் செதுக்கிய அந்தப் பலகைக் கற்கள், ஃபிரீஸ்லாந்தில் ஆலயத்துக்குள் கூரையின் கீழ் இருப்பவற்றின் உறவினர்.

இரு கரைகளையும் இணைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்து தமிழ் கற்ற பிலிப்பஸ் பால்டேயஸ், 1666இல் நாடு திரும்பிக் கேர்ஃப்லீட் என்ற சிற்றூரின் ஆலயத்தில் ஊழியம் செய்தார். மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றிய அவருடைய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகளின் அச்சுப் படமும் இருந்தது. பனைமரக் கரையின் நினைவுகளோடு ஒருவர் அந்த ஈரநாட்டுப் பிரசங்கபீடத்தில் ஞாயிறுதோறும் நின்றிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் மனம் நெகிழச் செய்யும் செய்தி.

*சபை உறுப்பினர்கள் குறைந்துவருகிற நாட்டில் இவற்றின் நிலை என்ன? சென்று பார்க்க முடியுமா?*
— கட்டடக்கலை மாணவி, ஜே.பி.நகர்

20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பல கிராமச் சபைகளால் கூரைக்கு ஓடு வாங்கக்கூட முடியவில்லை. 1961இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இடிப்பதைத் தடுத்தது. பராமரிக்க ஆள் தரவில்லை. அந்த இடத்தை நிரப்பக் குரோனிங்கனில் 1969இலும் ஃபிரீஸ்லாந்தில் 1970இலும் பழைய ஆலயங்களுக்கான அறக்கட்டளைகள் தோன்றின. இவை ஆலயங்களின் உரிமையையே ஏற்றுப் பழுதுபார்க்கின்றன. உள்ளூர்க் குழுக்கள் திறந்து மூடி, இசைநிகழ்ச்சி, திருமணம், கண்காட்சி, அவ்வப்போது வழிபாடு என்று நடத்துகின்றன. ஓர் ஆலயத்தை விடுதியாகவோ கடையாகவோ மாற்றுவதைவிட, எப்போதாவது ஒருநாளேனும் அதில் சங்கீதம் பாட இடம்வைக்கும் இந்த வழியையே நான் மேலானதாகக் கருதுகிறேன். க்ரேவெர்ட் ஊரில் 1531ஆம் ஆண்டின் ஆர்கன் இன்னும் இசைக்கப்படுவது இந்த அக்கறையால்தான்.

புதிய ஆபத்து நிலத்தடியிலிருந்து வந்தது. 1959இல் கண்டறியப்பட்ட குரோனிங்கன் எரிவாயு வயலிலிருந்து பல பத்தாண்டுகள் வாயு எடுத்ததால் மேலுள்ள நிலம் இறங்கி, நடுக்கங்கள் ஏற்படத் தொடங்கின. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹய்சிங்க அருகே ஏற்பட்ட நடுக்கம் 3.6 அளவு. இந்திய அளவுக்கு அது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆழம் குறைந்த நடுக்கம், மென்களிமண், நிலநடுக்கத்தை நினைத்தே பாராமல் கட்டிய செங்கல் குவிமாடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது எண்ணூறு ஆண்டுச் சுவர்களிலும் விரிசல் விட்டது. 2023 அக்டோபர் 1 அன்று வாயு எடுப்பது நிறுத்தப்பட்டது. எனினும் நிலம் அடங்கச் சில காலம் ஆகும் என்பதால் கூரைகளையும் கோபுரங்களையும் வலுப்படுத்தும் வேலை தொடர்கிறது.

பார்ப்பது எளிது. பல ஆலயங்கள் பகலில் திறந்தே இருக்கும். பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று கதவருகே எழுதியிருப்பார்கள். செப்டம்பரின் இரண்டாவது வார இறுதியில் நாடெங்கும் பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்கள் உண்டு. மாணவியாகிய தாங்கள் அளவெடுக்க விரும்பினால், அந்த நாட்களைத் தவிர்த்து, முன்னதாக உள்ளூர்க் குழுவுக்கு எழுதி அனுமதி பெற்றுச் செல்லுங்கள். கூரைக்கும் குவிமாடத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் காட்ட அவர்களால்தான் முடியும், அங்கேதான் பழைய மரச்சட்டங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம்.